லோசானில் சாட்சி கேட்க மாட்டார்கள்

அவைக்குத் தலைமை தாங்கும் அன்புக்குரிய அருட்செல்வன் ஐயா அவர்களே, சுவிஸின் இந்த லாங்கன்தால் மண்ணில் எங்களை ஆளாக்கிய பெரியோர்களே, விடியுமுன் வேலைக்கு ஓடி, விழாவுக்கும் சமைத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, என்னோடு இங்கேயே பிறந்து வளர்ந்த தோழர் தோழியரே, எல்லோருக்கும் இந்த ஜெனனியின் வணக்கம்!

தொழிலாளர் தினத்துக்கு வாழ்த்துரைக்கத்தான் அழைத்தீர்கள். எனக்கோ வயிறு எரிகிறது. வாழ்த்து பிறகு வரட்டும்! தொழிற்சங்க வழக்கறிஞராக ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

முன்வரிசையில் இருக்கிறாரே ஞானேஸ்வரி அக்கா, முதியோர் இல்லம் ஒன்றில் பல்லாண்டு பரிமாறிய கைகள் அவருடையவை. புதிய மேலாளர் ஒருவர் வந்தார். "உன் கறுத்தக் கை தட்டில் படவேண்டாம், பின்னால் போய்ப் பாத்திரம் கழுவு" என்றார். அக்கா நிர்வாகத்திடம் முறையிட்டார். முறையிட்டதற்குப் பரிசு, வேலைநீக்கம்! உழைத்தது குற்றமா? உரிமை கேட்டது குற்றமா? கறுப்பாய்ப் பிறந்தது குற்றமா?

சமரச சபைக்குப் போனோம். "அப்படி யாருமே சொல்லவில்லை" என்று மேலாளர் சாதித்தார். சமரசம் முறிந்தது. இனி, வியாழக்கிழமை வட்டார நீதிமன்றம். அங்கே தோற்றால் பேர்னில் மேல்நீதிமன்றம். அதற்கும் மேலே லோசானில் கூட்டாட்சி நீதிமன்றம். "லோசான் மட்டும் போவம்!" என்று வீரம் பேசுகிறீர்கள். அதுவரை போகலாம்! ஆனால் லோசானில் சாட்சி கேட்க மாட்டார்கள். கீழே பதிவானதை வைத்துத்தான் சட்டம் பார்ப்பார்கள். கீழே நாம் வாய்மூடினால் மேலே யார் பேசுவது?

மேலாளர் அப்படிச் சொன்ன அன்று, இல்லத்தின் சமையலறையில் நம்மவர் இருவர் நின்றார்கள். ஒருவரைக் கேட்டேன். "ஓம் தங்கச்சி, என்ர காதாலை கேட்டனான். ஆனா கோட்டுக்கு வரேலாது. சுவிஸ் பாஸ்போட்டுக்குப் போட்டிருக்கிறன். கோட்டிலை பேர் விழுந்தா தரமாட்டாங்கள்" என்றார். மற்றவரும் அதையே சொன்னார்.

யார் கட்டிவிட்ட கதை இது? என்ன, பின்வரிசையில் தலையாட்டுகிறீர்கள்? நீங்களும் நம்புகிறீர்களோ? சாட்சி சொன்னவர் குற்றவாளி ஆவாரா? உண்மை சொன்னதற்காகக் கடவுச்சீட்டை மறுக்கச் சட்டத்தில் இடமே இல்லை! அக்காவின் மகள் பெரியவளானபோது சாமத்திய வீட்டுக்குக் குடும்பம் குடும்பமாக வந்து சாப்பிட்டீர்களே! அவருடைய வழக்குக்கு மட்டும் வெறும் நாற்காலியா?

யாரது எழும்புவது? லக்ஷ்மணன் அண்ணையா? ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள்.

"அண்டைக்கு அதிலை நிண்ட ரெண்டு பேரிலை ஒராள் நான்தான், தங்கச்சி. கோட்டுக்கு வாறன். சொல்லுறன்."

கைதட்டாதீர்கள்! இந்தக் கைதட்டல் வழக்குக் கோப்பில் ஏறாது. அண்ணையின் வாக்குமூலம் ஏறும். லோசான்வரை ஏறும்! மற்றவரே, நீங்களும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறீர்கள். ஞானேஸ்வரி அக்கா உங்களைத் திரும்பிப் பார்க்கிறார்.

என் கோபத்தைப் பொறுத்துக்கொண்ட அவைக்கு நன்றி. உங்களுக்கான வாழ்த்தை வியாழக்கிழமை நீதிமன்ற வாசலில் சொல்கிறேன்.