கண்ணாடிப் பெட்டியின் திறப்பு விழா

எங்கள் அலுவலகத்தில் ரிப்பனை ஒழுங்காகக் கட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், ஐயா. மற்றவர்கள் கட்டினால் தொங்கிப்போகும், கத்தரி வைத்தால் வழுக்கும். சிரிக்காதீர்கள், இந்த வேலையில் அதுவும் ஒரு திறமை.

கம்பெனியின் தர்ம காரியங்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஏழைகள் வாழும் பகுதிகளில் மருத்துவமனைகளுக்குக் கருவிகள் கொடுப்போம். எங்கள் முதலாளியைப் பெரியவர் என்போம். அவர் வந்து ரிப்பன் வெட்டிச் சுவிட்சைப் போடும்வரை கருவியை யாரும் தொடக்கூடாது. ஒருமுறை ஓர் ஊரில் அவசரப்பட்டு முன்னாடியே ஓட்டிவிட்டார்கள். பெரியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு காரில் ஏறினார். அதற்குப் பிறகு அந்த ஊருக்கு ஒரு பஞ்சுகூடப் போகவில்லை. நினைத்தால் இன்றும் என் வயிறு எரிகிறது.

இந்த ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது, குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் கண்ணாடிப் பெட்டி. விழாவுக்கு முந்தின மாலை, நாற்காலிகள் போட்டாயிற்றா என்று பார்க்கப் போனேன். ரிப்பன் வெட்டப்பட்டுத் தரையில் கிடந்தது. பெட்டிக்குள் ஒரு குழந்தை.

"மன்னிச்சுக்குங்க சார், பிள்ளை நீலம் பூத்துப்போச்சு. வேற வழி தெரியல" என்றார் நர்ஸ்.

நான் திட்டவில்லை. "என் காரை எடுத்துக்கிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க சிஸ்டர்" என்றேன்.

"வெளிய எடுத்தா வழியிலேயே போயிடும் சார். உள்ளேயே இருக்கட்டும், உங்க கால்ல விழறேன்."

"காலையில பெட்டிக்குள்ள பிள்ளை கிடந்தா பெரியவர் எதைத் திறந்து வைப்பார்? இன்னும் எத்தனை ஊர் காத்துக்கிட்டு இருக்கு! ஒரு பிள்ளைக்காக அத்தனை பிள்ளைங்க தலையில மண்ணைப் போடலாமா?"

நர்ஸ் நகரவில்லை. சுவிட்சை நானே அணைத்தேன். என் கையைப் பிடித்தார். "உங்க வேலை போயிடும்" என்று மெதுவாகத்தான் சொன்னேன். பிடியை விட்டுவிட்டார்.

கையைக் கழுவிக்கொண்டு, குழந்தையை என் ஸ்வெட்டரில் சுற்றி, தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தையல் வலியோடு எழுந்து உட்கார்ந்து, "நல்லாயிடுச்சா சார்?" என்று கேட்டாள். "நல்லாயிடுச்சும்மா" என்றேன். அந்த நேரத்தில் அவளைப் பயமுறுத்துவானேன்? பெட்டியைத் துடைத்து, புது ரிப்பன் கட்டி, அறையைப் பூட்டினேன். விழா முடியும்வரை சாவி என் சட்டைப்பையிலேயே இருந்தது.

விடிவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. நானும் மனிதன்தானே, அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. விழாவில் பெரியவருக்கு ரொம்பத் திருப்தி. அடுத்த ஊர்களுக்கும் அங்கேயே சம்மதம் சொன்னார்.

வெளியே எடுத்தால் பிழைக்காது என்று தெரியுமா என்றுதானே கேட்கிறீர்கள்? தெரியும். தெரிந்துதான் எடுத்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அந்தப் பெட்டியில் அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகள் பிழைத்துவிட்டன. அந்தப் பெண் மட்டும் ஒரு நாள் பொறுத்துப் பெற்றிருந்தால், அவள் பிள்ளையும் பிழைத்திருக்கும்.