கல்யாண வீட்டுக்காரிக்குப் பத்திரிகை எதுக்கு?

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி ஹேண்ட்பால் ஆடுகிறவள், இன்னொருத்தி மடியில் கைக்குழந்தை.

"தோத்தாலும் ஆசியப் போட்டில ஆடலாம்டி," என்றாள் ஆட்டக்காரி.

"தகுதிச் சுற்றுலயே வெளிய வந்துட்டீங்க, அப்புறம் எப்படி?"

"போட்டிய நம்ம நாட்டுலயே நடத்தினா நமக்கு நேரா இடம் உண்டு. கல்யாண வீட்டுக்காரிக்கு எவனாவது பத்திரிகை வைப்பானா?"

"நடத்துறாங்களா?"

"கேட்டிருக்காங்க. இன்னும் பதில் வரல."

"வந்தா மொதல்ல எனக்கு போன் பண்ணு. நான் கோல்ல நின்னு ரெண்டு வருஷமாச்சு. இவன மாமியார்கிட்ட விட்டுட்டு அன்னிக்கே ஓட ஆரம்பிச்சுடுவேன்."

"இந்தத் தொப்பையோடயா?"

"கோல்கீப்பர்தானே? ஜாஸ்தி மறைப்பேன்."

சிரித்தார்கள். ஆனால் இறங்குவதற்குள் குழந்தைக்காரி, "மறக்காம பண்ணுடி," என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.