பரிசை மறுத்த கை

தொலைபேசி மணி அடித்தால் ஓடிப்போய் எடுப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. பலெர்மோவில், வியா மக்வேதாத் தெருவில், மூன்றாம் மாடி வீட்டில், பதினான்கு வருடம் வேலைக்கு இருந்தேன். அங்கே ஒரு அழைப்பாவது இரண்டாவது மணியைத் தாண்டியதில்லை.

லக்ஷனா, குவெஸ்தூராப் பொலிசார் கேட்டபடி எல்லாவற்றையும் தமிழில் எழுதித் தருகிறேன். நீ இத்தாலியனில் மாற்றிக் கொடு. படித்த பிள்ளை என்பதற்காக மெழுகிவிடாதே.

வீட்டுக்காரர் சிஞ்ஞோர் லெஃப்தேரிஸ் கிரேக்க எழுத்தாளர். எண்பத்து நான்கு வயது. கடைசி ஆறு வருடம் பார்வையில்லை. குளிக்க வார்ப்பது, மருந்து கொடுப்பது, பத்திரிகை வாசிப்பது எல்லாம் நான்தான். என் மீன்குழம்பு கொதித்தால் ஸ்தாசியோனே சென்ட்ராலே நிலையத்தில் ரயில் பத்து நிமிடம் பிந்தும். சாரதிமார் மணத்தை விட்டுப் போகமாட்டார்கள். அந்த மனிதர் மட்டும் உப்புக் காணாது என்பார்.

வருடத்தில் ஒரு நாள் அவருக்குப் பெரிய நாள். ‘ஏழு கடல்’ பரிசு அறிவிக்கும் நாள். முழு உலகத்துக்கும் ஒரே எழுத்தாளரைத்தான் தெரிவுசெய்வார்கள். அன்றைக்கு மாப்பிள்ளை மாதிரிச் சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டி, தொலைபேசிக்குப் பக்கத்தில் இருப்பார். மத்தியானம் தாண்டியதும், “கழட்டு, ஞானா” என்பார். ஞானாம்பிகை என்று முழுதாக ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தக் கழுத்துப்பட்டியைப் பதின்மூன்று தடவை கழற்றியிருக்கிறேன்.

போன ஒக்ரோபரில் பரிசு வந்தது. பரிசுக்காரர் அறிவிப்புக்கு முதல்நாளே சொல்லிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவர் குளியலறையில் இருந்தார். ஒரு பெண் இத்தாலியனில் சந்தோஷமாக விஷயத்தைச் சொன்னாள். பிறகு நான் யார் என்று கேட்டாள். அவரைப் பார்த்துக்கொள்கிறவள் என்றேன். பதில் சொல்லக்கூடிய ஆள் வேறு ஒருவரும் வீட்டில் இல்லையா என்று கேட்டாள்.

மரியாதையான பிள்ளை. அவள்மீது எனக்குக் கோபமேயில்லை.

“நான் இருக்கிறன்,” என்றேன். “அவருக்கு உங்கடை பரிசு வேண்டாமாம்.”

எல்லாம் அவருடைய நன்மைக்குத்தான். இருதயம் பழுது, அதிர்ச்சி கூடாது என்று டொக்ரர் சொல்லியிருந்தார். சந்தோஷமும் ஒரு அதிர்ச்சிதானே. ஏதென்ஸில் இருக்கிற மருமகன் கொன்ஸ்ரன்ரைன் உடனே வந்து, கோயில் சொரூபம் மாதிரி அவரைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போயிருப்பான். அதோடு கண்ணூறு. உலகமே ஒரு கிழவனைப் பார்த்தால் நான் எவ்வளவு மிளகாய் சுற்றிப் போடுவது? சிசிலியில் விளைகிற மிளகாய் முழுவதும் காணாது.

எழுத்தில் உறுதிப்படுத்தச் சொன்னார்கள். கடிதத்தை நானே எழுதினேன். கையொப்பம் வைக்கும்போது அவருடைய கையைப் பிடித்து இடத்தில் வைத்துவிடுவது என் வழக்கம். என்ன கடிதம் என்று கேட்டார். மின்சாரக்காரருக்கு என்றேன். வடிவாக வைத்தார்.

மறுநாள் உலகம் துள்ளியது. பரிசைத் தூக்கி எறிந்த கிரேக்கன் என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஏதென்ஸில் பூனைகள்கூட அவர் பெயரைச் சொல்லித்தான் கத்தினவாம். நான் வாசல் மணியின் வயரைக் கழற்றிவிட்டேன். வானொலியின் பற்றரியை முதல்நாளே எடுத்து, அரிசி வாளிக்குள் போட்டிருந்தேன். அவர் கழுத்துப்பட்டியோடு இருந்தார். மத்தியானம் தாண்டியது. பதினான்காவது தடவை கழற்றினேன்.

“ஆருக்குக் குடுத்தவங்களாம்?” என்று கேட்டார். அவர் கதைத்தது இத்தாலியன். நான் என் தமிழில் எழுதுகிறேன்.

“ஒரு யாழ்ப்பாணத்து மனுசிக்கு.”

“என்ன எழுதியிருக்கிறாள்?”

பதினான்கு வருடத்தில் அவர் என்னிடம் ஒரு கதை கேட்டது அதுதான் முதல்தடவை. கடலில் விழுந்த ஒற்றைச் செருப்பைத் தேடி மூன்று வருடம் கரையோரமாக நடந்தவளின் கதையைச் சொன்னேன். அடுத்த நாள், தன் செத்தவீட்டுக்குத் தானே சமைத்து வைத்தவளின் கதை. பின்னேரத்துக்கு ஒன்று. எல்லாம் அந்த மனுசியின் புத்தகங்களில் இருக்கிறதென்றேன். என் தலைக்குள்ளேதான் இருந்தன. அவர் மருந்தை மறந்தார். கோப்பி ஆறிப்போனது. சில இடங்களில் மூச்சு விடுவதையும் மறந்து கேட்டார்.

பன்னிரண்டாம் நாள் தன்னுடைய கடைசி நாவலைக் கொண்டுவரச் சொன்னார். பதினொரு கொப்பிகள். பார்வை போனபிறகு, தாளின்மேல் அடிமட்டத்தை வைத்து, தடவித் தடவி ஆறு வருடம் எழுதியது. வேறு பிரதி இல்லை. மடியில் வைத்து ஒவ்வொன்றாகத் தடவினார்.

“அவள் எழுதினதுக்கு முன்னாலை இது குப்பை. எரிச்சுப்போடு, ஞானா.”

நான் சொல்வழி கேட்கிறவள். பல்லரோச் சந்தையில் ஆட்டுக்குடல் சுடுகிறவனின் அடுப்பில் கொண்டுபோய் வைத்தேன். நல்ல தாள், கெதியாகப் பிடித்தது. குடலும் அன்றைக்கு நன்றாக வெந்திருந்தது. ஒரு துண்டு வாங்கி எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டேன்.

மாசி மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். செத்தவீட்டுக்கு வந்த கொன்ஸ்ரன்ரைன், மாமா பரிசை மறுத்த வீரத்தைப் பற்றி அழுதழுது பேசினான். பிறகு கொப்பிகள் எங்கே என்று கேட்டான். கேட்டான், சொன்னேன். பரிசின் விஷயத்தையும் சேர்த்தே சொன்னேன். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?

நேற்று நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்ரி, அவரின்ரை நெஞ்சு தாங்காதெண்டுதானே செய்தனீங்கள்? மன்னிப்புக் கேட்டு ஒரு வரி போடுங்கோவன், தண்டனையைக் குறைச்சுப் போடுவினம்” என்றாய். ஓம், அவருடைய நெஞ்சுக்காகத்தான் செய்தேன். மன்னிப்பு வரி வேண்டாம். சாவதற்கு முதல்நாள் என்னைக் கிட்டக் கூப்பிட்டு அவர் சொன்னது இது: “அவளுக்குக் குடுத்தது சரிதான்.” கிரேக்கத்தின் ஆகப்பெரிய எழுத்தாளர் சொன்ன தீர்ப்பு. இதற்குமேல் பலெர்மோவில் எந்தக் கோர்ட் இருக்கிறது?

ஒரு திருத்தம் மட்டும். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ‘ஓய்வுபெற்ற பராமரிப்பாளர்’ என்று போட்டிருக்கிறாய். அதை வெட்டிவிட்டு ‘பரிசு பெற்ற எழுத்தாளர்’ என்று எழுது. இடம் காணாவிட்டால் என் பெயரைச் சுருக்கு.