குழாய் மேல் காய்ந்த பலகை

டீ நன்றாக இருக்கிறது அய்யா. ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கிறார்கள். எங்கள் பட்டறையிலும் கொஞ்ச நாளாக இந்த வாசம்தான். அது எப்படி வந்தது என்பதிலிருந்தே சொல்கிறேன்.

வீட்டுக்காரர் போன பிறகு மரப்பட்டறையை நான்தான் நடத்துகிறேன். மிஷின் பிடிப்பது என் தம்பி ஜக்கையன். இந்த எண்பத்தாறில்தான் போடிமெட்டு எஸ்டேட் பங்களாவின் கதவு வேலை எங்களுக்கு வந்தது. அதைச் சரியாக முடித்தால் மலையில் மற்ற எஸ்டேட்காரர்களும் தேடி வருவார்கள். கெட்டுப்போனால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

பலாப் பலகை பச்சையாக இருந்தது. நிழலில் காயவிட்டால் மாதக்கணக்கில் ஆகும். ஏலக்காய் ஸ்டோரில் அடுப்பு மூட்டி, இரும்புக் குழாயில் சூடு ஓடவிட்டுக் காயை உலர்த்துகிறார்கள் அல்லவா, அந்தக் குழாய் மேல் பலகைகளின் ஒரு முனை படும்படி அடுக்கச் சொன்னேன். வேறு யாருக்கும் தோன்றாத யோசனை. வெரசாகக் காய்ந்துவிட்டன.

சட்டம் பொருந்துவதற்குப் பலகையில் நீளப் பள்ளம் வெட்டுவோமே, அந்தக் காடியை இழுக்கத் தொடங்கியபோதுதான் தொல்லை. ரவுட்டர் மிஷினில் அரை அங்குலம் வைத்தால் ஒரு முனையில் அரை அங்குலம் இறங்கும். மறுமுனைக்குப் போகப் போகக் காடி மேலேறிவிடும்.

நான் அவசரக்காரி இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெட்டுகிற பிட்டு மழுங்கியிருக்கும் என்று புதியது மாட்டினேன். அதைக் கவ்வுகிற இடத்தில் தூசி இருந்தால் ஓடும்போது நழுவும். துடைத்து, நட்டை இறுக்கி, பிட்டில் கோடு கீறி ஓட்டிப் பார்த்தேன், கோடு அசையவில்லை. ஆழத்தை நிறுத்தும் திருகு கெட்டியாகத்தான் இருந்தது. மிஷினின் அடித்தட்டில் ஒட்டிய மரத்தூளையும் சுரண்டி எடுத்தேன். மிஷினில் குறையில்லை. மிச்சம் இருந்தது பிடிக்கிற கை.

"ஒன் கை நடுங்குதுடா அப்பு" என்றேன் தம்பியிடம்.

"கையில ஒண்ணுமில்லக்கா. பலகைதான் தொட்டி மாதிரி குழிஞ்சு கெடக்கு, மிஷின் ஓரத்துல ஏறி நிக்குது. குழாய் மேல கெடந்த மொன பூராம் இப்படித்தான்."

"எனக்கே பலகையப் பத்திச் சொல்லித் தர்றியாக்கும்?"

சிரித்தான். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

நேற்று மத்தியானம் எஸ்டேட் மேனேஜர் ராஜாராம் ஜீப்பில் வந்தார். காடியில் விரலை ஓட்டிப் பார்த்து முகம் சுளித்தார். என் தம்பி வாயை மூடியிருக்கலாம்.

"எங்கக்கா பலகையக் காயப்போடல சார், அவிச்சிருச்சு. மோந்து பாருங்க. இன்னும் ரெண்டு கொதி விட்டா பாயசம்தான்."

மேனேஜரும் சிரித்துவிட்டார். "அப்ப கதவ நாங்க வேற எடத்துல பாத்துக்கிறோம்மா" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

தம்பிக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. "கோவிச்சுக்காதக்கா. வா, நீயே பாரு" என்று குனிந்து, பலகையில் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி நோட்டம் பார்த்தான். மிஷின் என் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. திருகை இன்னொரு தடவை இறுக்கிக்கொண்டேன்.

எந்தக் காடியையும் ஒரே இழுப்பில் முழு ஆழத்துக்கு இறக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும். அவன் பிடரியில் அப்படித்தான் இழுத்தேன். முதல் இழுப்பில் காலை உதறினான். முழங்கையால் முதுகை அமுக்கிப் பிடித்து ஆழத்தைக் கூட்டினேன். அடுத்த இழுப்பில் எலும்பு தட்டியது. மிஷின் சத்தம் மாறியது. அதற்கடுத்த இழுப்பில் அவனிடம் அசைவில்லை. டாக்டர் அளந்து பார்க்கட்டும், ஆழம் ஒரே சீராக இருக்கும். என் கை நடுங்கவில்லை.

அவனை ஓரமாக நகர்த்திவிட்டு, பலகையைத் துடைத்து, மிச்சக் காடியை நானே இழுத்தேன். இந்த முனையில் சரியாக இறங்கியது. அந்த முனையில் மேலேறிவிட்டது. ரத்தத்தில் நனைந்த தூள் அடித்தட்டில் ஒட்டியிருக்க வேண்டும். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

காலையில் நீங்கள் பலகைக்குக் குறுக்கே இரும்பு ஸ்கேலை வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறது பார் என்று காட்டினீர்கள். வேறு ஸ்கேல் வைத்துப் பாருங்கள் அய்யா. தம்பியைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பலகை கோணல் என்று மட்டும் எழுதாதீர்கள். அதைக் காயவைத்தது நான்.