முன் வரிசையிலிருந்து ஒரு பதில்

அவைக்குத் தலைமை ஏற்று, மேடை ஏறத் தயங்கிய எனக்குத் தண்ணீர் தந்து தைரியமும் தந்த வெங்கடசாமி ஐயா அவர்களே, நம் ஊர்க் கதையை நம் ஊரிலேயே படமாக எடுத்த இயக்குநர் தேவிகா அக்கா அவர்களே, தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறிய பெரியவர்களே, அவர்கள் ஏறி வரும்வரை வாசலில் நின்ற தாய்மார்களே, விடிவதற்குள் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தும் நம் பாலகாட் மைதானத்துக்கு வந்திருக்கும் உழைப்பாளிகளே, முனிரத்தினத்தின் மகள் மமதாவின் வணக்கம்.

பின்னால் கேட்கவில்லையா? மைக்கை ஒட்டித்தான் நிற்கிறேன். இதற்கு மேல் என் குரல் ஏறாது.

உண்மையைச் சொன்ன படம் ஏன் ஓடவில்லை? இதுதான் இன்றைய தலைப்பு. ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு என்ன தெரியும் என்று நினைப்பீர்கள். அந்தப் படம் ஓடிய நம் ஊர்த் தியேட்டரில் முறுக்குத் தட்டு ஏந்தி நின்றவள் நான். படம் விழுந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

பாட்டு இல்லை, அதனால் ஓடவில்லை என்கிறார்கள். சண்டை இல்லை, சிரிப்பு இல்லை என்கிறார்கள். சிரிப்பு இல்லையா? நாம் சிரித்த சிரிப்பில்தானே படமே போனது.

நினைவிருக்கிறதா? பாறை சரிந்து இறந்தவர்களைக் கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் மேலே கொண்டுவரும் காட்சி. அதில் அழும் கூட்டமாக நின்றவர்கள் யார்? நாம். ஸ்ட்ரெச்சரில் பிணமாகக் கிடந்தவர் யார்? என் அப்பா. முதல் நாள் எதற்குப் போனோம்? படத்தைப் பார்க்கவா, நம் முகத்தைப் பார்க்கவா? "அதோ பாரு நம்ம கங்கம்மா, அழச் சொன்னா கேமராவப் பாக்குது" என்றது ஒரு குரல். ஆமாம் கங்கம்மா அத்தை, உங்களைத்தான் சொல்கிறேன்.

அப்பாவோடு தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பர்னபாஸ் மாமா எழுந்து நின்று கத்தினார். "இன்னா முனிரத்தினம், ஃபர்ஸ்ட் டிரெயின் போயிட்ச்சு. எந்திரிப்பா."

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா, "இன்னிக்கு லீவுப்பா, தூங்க உடு" என்றார். சிரிப்பிலும் விசிலிலும் தியேட்டரே அதிர்ந்தது.

வெளியூரிலிருந்து வந்த விநியோகஸ்தர் என் அருகில்தான் நின்றிருந்தார். போனில் சொன்னார்: "சாவு சீன்ல விசிலடிக்கிறாங்க சார். சொந்த ஊர்லயே இப்படின்னா வேற எங்க ஓடும்? தூக்கிடலாம்." அந்த வாரமே போஸ்டர் மாறியது.

சிரிப்பைக் கேட்டார். ஏன் சிரித்தோம் என்று கேட்டாரா? கேஜ் மேலே வரும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வருமா என்று காது கொடுத்து நின்ற ஊர் இது. பதில் வந்தால் அழுதுகொண்டே சிரித்த ஊர் இது. திரையில் பிணமாகக் கிடந்தவர் முன் வரிசையிலிருந்து பதில் சொன்னார். நாம் சிரிக்காமல் என்ன செய்வோம்?

தேவிகா அக்கா, உங்கள் படத்தில் பொய் இல்லை. எங்களுக்கு அது மிகவும் பக்கத்தில் இருந்தது. அதனாலேயே நாங்கள் அதைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள், வேலை முடிந்து திரும்பும் ரயிலில் அப்பா ஜன்னலில் சாய்ந்திருந்தார். நம் கோரமண்டல் ஸ்டேஷன் வந்ததும் பர்னபாஸ் மாமா தோளைத் தட்டினார். "நடிக்காதப்பா, ஸ்டேஷன் வந்துட்ச்சு."

அப்பா எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து மாமா யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இதோ, கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் இந்த வெள்ளைத் திரையில் படம் மறுபடி ஓடப்போகிறது. அந்தக் காட்சிக்கு முன்பே எழுந்து போய்விடுவேன் என்று அம்மாவிடம் சொன்னாராம்.

போகாதீர்கள் மாமா.

பெரியோர்களே, இன்று முகம் தேடாமல் படத்தைப் பாருங்கள். அழ வேண்டிய இடத்தில் அழுங்கள். ஆனால் திரையில் அப்பா மேலே வரும்போது மட்டும், மாமா, அன்று போலவே கூப்பிடுங்கள். பதில் வராதே என்று பயப்படாதீர்கள். முன் வரிசையில் நான் இருப்பேன். கையில் மைக் இருக்காது. ஆனாலும் உங்களுக்குக் கேட்கும்படி நான் பதில் சொல்வேன்.

என் சின்னக் குரலுக்குக் காது கொடுத்த எல்லோருக்கும் நன்றி. விளக்கை அணைக்கலாம் ஐயா. வணக்கம்.