கேட்காமல் எழுதியது

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாலை, ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு புருஷனும் மனைவியும், கேகாலைப் பக்கம் அனாதை யானைகளைப் பார்த்துவிட்டு, என் முன் இருக்கையில் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கவனிக்கவில்லை.

"ஏங்க, அந்தக் குட்டிகளையும் கப்பல்ல ஏத்திருவாங்களா?"

"யானைய யாரு புள்ள ஏத்துறா? அடுத்த மாசம் நம்மளத்தான் ஏத்துறாங்க."

"தாயில்லாத குட்டிக்கே போத்தல்ல பால் குடுத்து இங்கயே வச்சிருக்காங்க. நம்ம மக செல்விய விட்டுட்டு நாம எப்படிங்க இந்தியா போறது?"

"கட்டிக் குடுத்த எடத்துல அவளுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை இருக்கு. நம்ம மனுவுல இந்தியான்னுல்ல இருக்கு."

"நாம கேட்டமா?"

"காட்டுன எடத்துல கைநாட்டு வச்சோம். கிளாக்கரய்யா படிச்சவரு, தப்பா எழுதுவாரா?"

அந்தக் கிளாக்கர் நான்தான். பல வருஷங்களுக்கு முன், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, அவர்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் ஒருவரையும் எந்த நாடு வேண்டும் என்று கேட்காமல் எல்லா மனுவிலும் 'இந்தியா' என்று எழுதினேன். மப்ளரை மூக்குவரை இழுத்துக்கொண்டேன்.

"போறதுக்கு முந்தி அவரு வீட்டுக்குப் போயி ஒரு கும்புடு போட்டுட்டு வந்துரணுங்க," என்றாள் அவள்.