ரெண்டு வயசுக்காரரின் அறை

– வரமாட்டன் எண்டால் வரமாட்டன். உந்தக் கூட்டத்திலை எனக்கென்ன வேலை?

– அங்கிள், உள்ளை கதிரை அரைவாசி வெறுமையாய்க் கிடக்கு. தாய் தகப்பன்மார் எல்லாம் வேலையிலை. பேரனைக் கூட்டிக்கொண்டு போக வந்த நீங்களாவது போய் ரெண்டு வார்த்தை சொல்லுங்கோவன்.

– என்னத்தைச் சொல்ல?

– ரெண்டு வயசுக்காரரின்ர அறையை மூட வேண்டாம் எண்டு. பிள்ளையளைப் பாக்க ஆள் காணாது, செலவு கூட எண்டு சொல்லி, இந்த சைல்ட்கெயாரை நடத்திற கொம்பனிக்காரர் அடுத்த மாசம் மூடப் போயினம். எம்.பி.யின்ர ஒஃபிஸிலை இருந்தும் ஒரு பெண்பிள்ளை வந்திருக்கு, ஆக்கள் சொல்லுறதைக் கேக்க.

– கேட்டுப்போட்டு எழுதுவினம். பேர் என்ன, விலாசம் என்ன எண்டுவினம். ஊரிலை பேர் எழுதிக்கொண்டு போனவங்கள் பிறகு என்னத்துக்கு வீடு தேடி வந்தவங்கள் எண்டு எனக்குத் தெரியும். நீ மன்னார்ப் பிள்ளை, உனக்குத் தெரியாதோ?

– மாதாவே! இது கிரெய்கிபர்ன் அங்கிள், ஊரில்லை. இங்கை ஒருத்தரும் வாகனத்திலை ஏத்திக்கொண்டு போகமாட்டினம்.

– எழுதிறவன் எங்கையும் எழுதிறவன்தான். சரி, அதை விடு. ஒண்டு கேக்கிறன், நேராய்ச் சொல்லு. இந்த அறையை மூடினால் என்ர பேரன் எங்கை போவான்?

– அதுதானே அங்கிள் நானும் கேக்கிறன்.

– வீட்டை வருவான். என்னட்டை வருவான். பிறகு நான் ஏன் பிள்ளை உள்ளை போய், மூடாதையுங்கோ எண்டு கெஞ்ச வேணும்? எனக்கென்ன விசரோ?

– இதைச் சிரிக்காமல் சொல்லுறியளே!

– சிரிக்க என்ன கிடக்கு? இவன் பிறந்ததிலை இருந்து போன வருசம் வரைக்கும் நான்தான் பாத்தனான். கழுவினதும் நான், தோளிலை போட்டு நித்திரையாக்கினதும் நான். இப்ப பார். நான் வந்து நிக்கிறன், இவன் உன்ர இடுப்பிலை இருந்துகொண்டு ஆரோ தபால்காரனைப் பாக்கிற மாதிரிப் பாக்கிறான்.

– ஆரூரன், அப்பப்பாட்டைப் போறியளோ? போங்கோ ராசா... நித்திரைக் குணம் அங்கிள், அதுதான் முகத்தைத் திருப்பிறார்.

– நித்திரைக் குணமில்லை. உன்ர பழக்கம். வீட்டிலை நான் சோறு தீத்தினால் வாயைப் பொத்திறான். நான் தொப்பி போட்டால் கழட்டி எறியிறான். நீ போட்டால் ராசா மாதிரி நிக்கிறானாம். விடிய எழும்பி ‘தீசா, தீசா’ எண்டுறான். ஆரடா இந்தத் தீசா எண்டு கேட்டால், திரேசாவாம், நீயாம்! அப்பப்பா எண்டு இன்னும் ஒருநாள் அவன்ர வாயிலை வரேல்லை.

– அப்பப்பா நீளம் அங்கிள், அந்த வாய்க்கு.

– திரேசா மட்டும் கட்டையோ?

– அது நான் பழக்கினதில்லை அங்கிள்.

– பின்னை, போனிலை வேற படம் அனுப்பிறாய். மண்ணிலை விளையாடிறான், வாளியோட சிரிக்கிறான் எண்டு. மகனும் மருமோளும் சாப்பாட்டு மேசையிலை அந்தப் படத்தைத்தான் பாத்துக்கொண்டு இருக்கினம். பிள்ளை பக்கத்திலை என்ர மடியிலை இருக்கிறான், அதை ஒருத்தரும் பாக்கினமில்லை. உண்மையைச் சொல்லு, இவனுக்கு என்ன மருந்து வைச்சனி?

– பாணுக்குள்ளை வைச்சுக் குடுத்தனான். பூசிற வெஜிமைட்டுக்குக் கீழை.

– பகிடி விடாதை. நீ சம்பளத்துக்குப் பாக்கிறாய். நான் சும்மா பாத்தனான்.

– ஓம் அங்கிள், சம்பளத்துக்குத்தான். சுப்பர் மார்க்கட்டிலை பெட்டி அடுக்கிற பெடியன் என்னைவிடக் கூட எடுக்கிறான். அதாலைதான் படிச்சுப்போட்டு வாற பிள்ளையளும் இங்கை நிக்கினமில்லை, ஓடுகினம். அறை மூடுப்படுறதே அதாலைதான். இதைத்தான் ஆராவது போய்ச் சொல்ல வேணும்.

– நீயே போய்ச் சொல்லன். வாய் கிடக்குத்தானே.

– வேலை செய்யிற ஆக்கள் கூட்டத்திலை கதைக்கக் கூடாதெண்டு கொம்பனி சொல்லிப்போட்டுது.

– நல்லதாய்ப் போச்சு. மூடட்டும். அடுத்த மாசம் இவன் திரும்ப என்ர கையிலை.

– அங்கிள்... இவன் உங்களிட்டை வரமாட்டான்.

– என்ன சொன்னனி?

– ஒண்டுமில்லை. விடுங்கோ.

– தொடங்கினதை முடி.

– அறை மூடினால் நிரஞ்சினி அக்கா வேலையை விடப்போறாவாம்.

– என்ர மருமோளோ? ஆஸ்பத்திரி வேலை எடுக்க அவள் பட்ட பாடு எனக்கெல்லோ தெரியும். வீட்டுக்கு எடுத்த வங்கிக் கடனை ஆர் கட்டிறது? நான் குத்துக்கல்லு மாதிரி வீட்டிலை இருக்க, என்னத்துக்கு அவள் வேலையை விடுறாள்? சொல்லு. ஏன் நிலத்தைப் பாக்கிறாய்?

– நீங்கள் நித்திரையாய்ப் போன அண்டைக்கு இவன் ரோட்டிலை நிண்டவனாமே.

– ஒருக்கா! ஒருக்காக் கண் அயர்ந்து போச்சு. பிறசருக்குக் குடுத்த குளிசை அப்பிடி. முன்கதவைப் பூட்டாமல் போனவன் அனோஜன், என்ர மகன். அதைப்பற்றி அந்த வீட்டிலை ஒரு கதை இல்லை.

– அக்கா உங்களைப் பிழை சொல்லேல்லை அங்கிள். ‘மாமாவுக்கு இனி ஏலாது, அதை அவருக்கு எப்பிடிச் சொல்லுறது’ எண்டுதான் அழுதவ.

– உன்னட்டையோ அழுதவள்?

– ஓம்.

– ஒரே குசினியிலை நிண்டு எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தாறவள். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. உன்னட்டை வந்து அழுதிருக்கிறாள். பேரனை எடுத்தாய், இப்ப மருமோளையும் எடுத்துப்போட்டாய். மகன்தான் மிச்சம், அவனையும் கூட்டிக்கொண்டு போ.

– ஐயோ, எனக்கு வீட்டிலை இருக்கிற மனுசன் ஒருத்தரே காணும் அங்கிள்.

– உனக்கென்ன, எல்லாம் தேடி வருகுது. சொந்தமாய் ஒரு பிள்ளை இருந்தால்தான் என்ர வயித்தெரிச்சல் உனக்கு விளங்கும்.

– எனக்குப் பிள்ளை இருக்கு.

– எங்கை?

– மகள், கௌசிகா. இவனுக்கும் அவளுக்கும் ஒரே வயசு.

– இங்கை ஒருநாளும் நான் காணேல்லையே.

– எப்பிடிக் காணுவியள்? அகதியாய்க் கப்பலிலை வந்த ஆக்கள் நாங்கள். இவ்வளவு வருசமாகியும் பிரிட்ஜிங் விசா எண்ட தற்காலிக விசாதான். உங்கட வீட்டுக்கு இங்கத்தைக் கட்டணத்திலை அரசாங்கம் கழிச்சு விடுற காசு எங்களுக்கு இல்லை. முழுசாய்க் கட்டினால் என்ர சம்பளம் அப்பிடியே அதுக்குப் போயிடும். நான் வேலை செய்யிற அறையிலை என்ர பிள்ளைக்கு இடமில்லை.

– அப்ப ஆர் பாக்கிறது?

– தெரிஞ்ச மனுசி ஒண்டு தன்ர ஃபிளாட்டிலை வைச்சுப் பாக்கிறா. ஒரு அறைக்குள்ளை அஞ்சாறு பிள்ளையள். டிவியைப் போட்டு விடுவா. அவவைக் குறை சொல்லி என்ன, அவவுக்கும் ரெண்டு கைதானே. விடிய நான் கொண்டுபோய் விடேக்கை கௌசிகா நித்திரை. பின்னேரம் எடுக்கப் போனால், அந்த மனுசியின்ர சட்டையைப் பிடிச்சுக்கொண்டு என்னட்டை வரமாட்டன் எண்டு கத்துவாள்.

– ம்.

– நீங்கள் என்னிலை எரியிறியள். நான் ஆரிலை எரியிறன் தெரியுமோ? இவனிலை. இந்தப் பாலனிலை. மத்தியானம் முதுகைத் தட்டி இவனை நித்திரையாக்கேக்கை, இது என்ர பிள்ளையின்ர படுக்கை, நீ ஏனடா இதிலை கிடக்கிறாய் எண்டு மனம் கேக்கும். மாதா என்னை மன்னிக்கட்டும்.

– எண்டாலும் தூக்கி வைச்சுக்கொண்டுதானே நிக்கிறாய்.

– என்ன செய்ய? இடுப்பு வெறுமையாய்க் கிடந்தால் அவளின்ர நினைப்புத்தான் வருது.

– எக்ஸ்கியூஸ் மீ, சொறி. நான் மயூரதன், இன்றைக்குக் கூட்டத்துக்கு வந்த மொழிபெயர்ப்பாளர். தமிழ் பரண்ட்ஸ் ஆராவது கதைக்க இருக்கினமோ எண்டு உள்ளை கேக்கினம். கூட்டத்தை இப்ப க்ளோஸ் பண்ணப் போயினம்.

– இல்லைத் தம்பி. இவர் வரேல்லையாம்.

– ஆர் சொன்னது வரேல்லையெண்டு? தம்பி, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுவீரோ, இல்லாட்டி உம்மட சரக்கையும் நடுவிலை சேப்பீரோ?

– சேர்க்க மாட்டன் அங்கிள், என்ர ஜொப்பே அதுதானே. உங்கட பேர்?

– ஆனந்தராஜா. எழுதிறதெண்டால் எழுதட்டும்.

– ஓகே. எந்தப் பிள்ளைக்காகக் கதைக்கிறியள் எண்டும் கேப்பினம். இவர்தானே உங்கட கிராண்ட்சன்?

– இவனுக்காக இல்லை. ஒரு பெட்டைப் பிள்ளைக்காக.

– அங்கிள், வேண்டாம்! என்ர வேலை போயிடும்.

– உன்ர பேரைச் சொல்லுவனோ? நான் நாலாம் வகுப்புத்தான், ஆனால் மொக்கன் இல்லை. தம்பி, நல்லாய்க் கேளும். இந்த அறையை மூடக் கூடாது. மூடாமல் விட்டால் மட்டும் காணாது. பிள்ளை பாக்கிறவைக்கு ஒழுங்காய்ச் சம்பளம் குடுக்க வேணும். தாய் தகப்பன்ர விசா எதெண்டு பாராமல், உதிலை இடம் கிடைக்காத ஒரு சின்னப் பெட்டைக்கும் படுக்கை போட வேணும். இதைச் சொல்லும்.

– வாவ். ரியலி, அங்கிள்... ஆற்றையோ பிள்ளைக்காக நீங்கள் இப்பிடி இரக்கப்பட்டு...

– இரக்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை! தாய்க்காரியின்ர இடுப்பிலை சொந்தப் பிள்ளை ஏறினால்தான் தம்பி, என்ர பேரன் என்னட்டை வருவான்.